தே தாரிக்குக்கு வரி இல்லை, அப்புறம் எதற்கு இந்தச் சீனி வரி?

5 அக்டோபர் 2025, இரவு 9.40 (பட்டர்வொர்த் தம்பியின் கேள்வி)

இங்கே மலேசியாவில் சீனி போட்ட பானங்களுக்கு வரி லிட்டருக்கு 90 காசு ஆகிவிட்டது. மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ஆற்றித் தரும் பால் தே, அதாவது தே தாரிக்குக்கு, அந்த வரி ஒரு காசும் கிடையாது. எங்கள் வீட்டில் நாலு பேர், மூணு பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). டின் பானம் யாரும் தொடுவதில்லை. இந்த வரியால் எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

5 அக்டோபர், இரவு 11.15 (என் பதில்)

ஒன்றும் ஆகாது.

2019 ஜூலை 1 அன்று 40 காசில் ஆரம்பித்தார்கள். 2024இல் 50. இந்த வருஷம் ஜனவரியில் 90. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் வரி, பாலுக்கும் பழச்சாற்றுக்கும் வேறு அளவு. 320 மில்லி டின்னுக்குக் கணக்குப் போட்டால் 29 காசு. பிறை ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு டின்னைக் கையில் எடுத்தவன் 29 காசுக்காகத் திருப்பி வைக்கப் போகிறானா?

நம்ம ஆட்கள் சீனி சாப்பிடுவது டின்னில் இல்லை, கிளாஸில். தே தாரிக்கில் மூன்று கரண்டி டின்பால் ஊற்றுகிறார்கள். 40 கிராமுக்குக் குறையாது. கோலா டின்னில் 34 கிராம்தான். அதற்கு வரி, இதற்கு இல்லை. கேட்டால் ஆரோக்கியம் என்பார்கள்.

6 அக்டோபர், காலை 6.50

நேற்று எழுதியது தப்பு. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. டின்பால் முழுவதும் சீனி இல்லையே! எடை 40 கிராம் என்றால் சீனியும் 40 கிராம் என்று எழுதிவிட்டேன்.

காலையில் எழுந்து வீட்டம்மா பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் தராசை எடுத்தேன். ("தீபாவளிக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு, இப்பவே என்ன?") கரண்டி 14 கிராம், மூன்று கரண்டி 42. அதில் பாதிக்கு மேல் சீனி, டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி சுமார் 23 கிராம். கோலாவை விடக் குறைவு. ஆக, "தே தாரிக் கோலாவை விட மோசம்" என்ற என் வாதம் ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை.

ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில், சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் என்றால் இன்னும் நல்லது. ஒரு கிளாஸிலேயே அந்த 25 கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. நான் ஒரு காலத்தில் நாலு கிளாஸ் குடித்தவன்.

இன்னொன்று. டின்பால் என்கிறோம், பால் என்ற சொல் டின்னில் இருக்கிறதா என்று பாருங்கள். என் வீட்டு டின்னில் "கிரிமர்" என்றுதான் இருக்கிறது. செம்பனை எண்ணெயும் சீனியும் பால் பவுடரும். இத்தனை வருஷம் தே குடித்தும் இன்றுதான் அதைத் திருப்பிப் படித்தேன்.

8 அக்டோபர், இரவு 10.20

என் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். 2016இல் வேலையிடப் பரிசோதனையில் பிடித்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தச் சீனி 7.9.

அன்று சாயங்காலமே சென்னையில் இருக்கும் மாமா மகனுக்குப் போன் போட்டேன், அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. "எவ்வளவு?" என்றான். "7.9." ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "அவ்வளவுதானா? எனக்கு 142 மாமா! நீ எல்லாம் புலம்பவே கூடாது." எனக்கு மனசு லேசாகிவிட்டது. போன வழியில் ஒரு ரொட்டி சானாயும் ஆச்சு.

ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அங்கே மில்லிகிராமில் சொல்கிறார்கள், இங்கே மில்லிமோலில். இங்கத்தி எண்ணை 18ஆல் பெருக்க வேண்டும். 7.9ஐப் பெருக்கிப் பாருங்கள். 142. இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே சீனி, அதில் ஒருவன் இன்னொருவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான்.

9 அக்டோபர், மதியம் 1.05

7ஐத் தாண்டினால் இனிப்பு நீரா என்று கேட்ட ஈப்போ அக்காவுக்கு: ஆமாம், வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் இனிப்பு நீர், அது எல்லா ஊருக்கும் பொது. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் நம்ம நாட்டு வழிகாட்டியில் 6.3 விழுக்காடு. இணையத்தில் பார்த்தால் 6.5 என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

அந்த எச்பிஏ1சியை ஏன் நம்ப வேண்டும் என்றால், சிவப்பணு ஒன்று 120 நாள் போல உயிரோடு இருக்கிறது. அந்த நாள் முழுக்க ரத்தத்தில் ஓடும் சீனி அதில் ஒட்டிக்கொண்டே வரும். பரிசோதனை அந்த ஒட்டலை அளக்கிறது, அதாவது போன இரண்டு மூன்று மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை. என் அப்பா கிளினிக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னால் சோற்றை நிறுத்திவிடுவார். விரலில் குத்தினால் எண் அழகாக வரும். தாதி பாராட்டுவார், அப்பா திரும்பி வரும் வழியிலேயே நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) கட்டிக்கொண்டு வருவார். "குழம்பு பஞ்சிர்", அதாவது வெள்ளமாக, என்று தனியாகச் சொல்லி வாங்குவார். இப்படி எட்டு வருஷம். எச்பிஏ1சி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது.

12 அக்டோபர், மாலை 5.30

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. என் சீனியைக் குறைத்தது டாக்டர் இல்லை, வரியும் இல்லை. டெல்லி.

2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1 முதல் இங்கே அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசி விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200க்கு ஏற்றியது. உள்ளூர் அரிசிக்குக் கிலோ 2 வெள்ளி 60 காசு என்று உச்ச விலை இருந்ததால் எல்லாரும் அதற்குப் பாய்ந்தார்கள், கடை அடுக்கில் உள்ளூர் அரிசியே காணவில்லை. நினைவிருக்கிறதா? பத்துக் கிலோ மூட்டைக்கு நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

வீட்டம்மா கணக்கில் கெட்டி. ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள். தோசையும் இல்லை, அதுவும் அரிசிதான் என்றாள். அவித்த பயறு, கீரை, மீன். மதியம் ஒரு கரண்டி குறைந்தது. நான் ஒன்றும் தியாகம் செய்யவில்லை, தட்டில் வந்ததைச் சாப்பிட்டேன்.

சோற்றில் சீனி இல்லையே என்று அம்மா இன்றுவரை சொல்வார். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நம்ம தட்டில் 300 கிராம் தாராளமாக விழும். 84 கிராம், குடலைத் தாண்டினால் எல்லாம் குளுக்கோஸ்தான். தே தாரிக்கின் 23 கிராமை வைத்து நான் ஆறு நாளாக இங்கே கத்திக்கொண்டிருக்கிறேன்!

2023 ஜூலையில் எனக்கு எச்பிஏ1சி 8.6. டிசம்பரில் 7.2.

12 அக்டோபர், மாலை 6.10

கடை விலை பற்றிக் கேட்ட கூலிம் நண்பருக்கு: எங்கள் பக்கத்துக் கடையில் தே தாரிக் 2 வெள்ளி 20. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தே) 1 வெள்ளி 60. குறைய மனிஸ் (இனிப்பு குறைவாக) சொன்னால் ஒரு காசும் குறையாது. வெந்நீருக்கு 50 காசு. சும்மா வரும் தண்ணீர் குழாயில் மட்டும்தான்.

2013 அக்டோபரில் அரசாங்கம் சீனிக்குக் கொடுத்த 34 காசு மானியத்தை நிறுத்தி, கிலோ 2 வெள்ளி 84 ஆனபோது, அந்தக் கடைக்காரர் தேக்குப் பத்துக் காசு ஏற்றினார். கிளாஸுக்கு 20 கிராம் என்று வைத்தாலும் அவருக்குக் கூடிய செலவு முக்கால் காசு கூட வராது. அந்தப் பத்துக் காசு அப்புறம் இறங்கவே இல்லை, கரண்டியும் குறையவில்லை.

14 அக்டோபர், இரவு 11.50

தூக்கம் வரவில்லை, அதனால் சம்பந்தம் கொஞ்சம் குறைவான விஷயம்.

நம்மில் பாதிப் பேர் ரப்பர் பாலுக்காக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று நினைக்கிறோம். செபராங் பிறைக்காரர்கள் (பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை) அதற்கும் முந்தி வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை முழுக்கக் கரும்புத் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது முதலில் கரும்பு வெட்டத்தான், ரப்பர் பிறகு வந்து கரும்பை விரட்டியது. பத்து காவான் என்ற ஊரும் அன்று கரும்புக் காடுதான். இன்று அங்கே பினாங்கின் இரண்டாவது பாலம் வந்து இறங்குகிறது, சுற்றிலும் தொழிற்பேட்டை. என் மூத்த மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான். பிறையில் சீனி ஆலை இன்னும் ஓடுகிறது, ஆனால் கரும்பு நம்முடையது இல்லை, கச்சாச் சீனி கப்பலில் வருகிறது.

கொள்ளுத்தாத்தா வெட்டிய கரும்பு லண்டனுக்குப் போனது. அவர் கையில் சீனி பட்டிருக்குமா தெரியாது. நாலு தலைமுறை கழித்து, மலிவாக வயிறு நிறைய வைக்கும் பொருள் என்று அதே சீனி நம்ம கிளாஸுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தலுக்குப் பந்தல் ரோஸ் சிரப். ஒரு பந்தலில் நானே பத்து வருஷம் ஊற்றியிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்ன பாட்டியைக் கூட விட்டதில்லை. "குடிங்க பாட்டி, சாமி தண்ணி."

16 அக்டோபர், காலை 7.15

சுங்கை சிப்புட் அண்ணன் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அவர் கேள்வி: "2023இல் அரிசி தவிர வேறு எதுவும் மாறவில்லையா?"

கிளினிக் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆகஸ்ட் 2023: மெட்ஃபார்மின் (இனிப்பு நீர் மாத்திரை) 500 மில்லிகிராம், இரண்டு வேளை என்பதை 1000 இரண்டு வேளை ஆக்கியிருக்கிறார்கள். அரிசி விலை ஏறுவதற்கு முன்னால். எனக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது.

அதோடு விடவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் என்னை ராத்திரி ஷிஃப்டிலிருந்து பகலுக்கு மாற்றினார்கள். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதே சோற்றைப் பகலில் சாப்பிட்டால் சீனி ஏறுவதை விட ராத்திரியில் அதிகமாக ஏறும். ராத்திரி ஷிஃப்ட் சமயத்தில் நானே குத்திப் பார்த்திருக்கிறேன், விடியற்காலை மூன்று மணி மீ கோரெங்குக்குப் பிறகு 14, 15 வரும். அதோடு, ராத்திரி ஷிஃப்டில்தான் நாலு கிளாஸ் தே. பகலில் இரண்டு.

ஆக நாலு மாதத்துக்குள் மாத்திரை, ஷிஃப்ட், தே, சோறு என்று நாலும் மாறியிருக்கிறது. எண் 1.4 இறங்கியிருக்கிறது. அதில் டெல்லிக்கு எவ்வளவு பங்கு? எனக்குப் பிடித்த கதை டெல்லி, அதனால் அதை எழுதினேன். பந்தயம் கட்டச் சொன்னால் மாத்திரை மேல்தான் கட்டுவேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

(வீட்டம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவள் பயறுதான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுவும் பொய் இல்லையே.)

16 அக்டோபர், இரவு 9.00

இதே கண்ணோடு தம்பியின் கேள்விக்குத் திரும்பினால் வேறு மாதிரித் தெரிகிறது. தேசிய சுகாதார ஆய்வில் 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். 2023 ஆய்வில் 15.6. இங்கே ஒருவர் உடனே "பார், வரி வேலை செய்துவிட்டது" என்கிறார். இன்னொருவர் "கோவிட்டில் பலவீனமானவர்கள் போய்விட்டார்கள், அதனால்தான்" என்கிறார். இரண்டு பேரும் என்னை மாதிரியே பேசுகிறார்கள். நடுவில் கோவிட், நடமாட்டத் தடை, வேலை போனது, விலை ஏறியது, மருந்து மாறியது. ஒரு வீட்டுக்குள் நாலு விஷயத்தைப் பிரிக்க முடியாதவன் நாட்டை எப்படிப் பிரிப்பது?

"ஒன்றும் ஆகாது" என்று முதல் நாள் எழுதினேனே, அதையும் பாதி வாபஸ் வாங்குகிறேன். வரி நம்மைப் பார்த்து மட்டும் போட்டது இல்லை. 5 கிராமுக்குக் கீழே இறக்கினால் வரியே இல்லை என்றால், கம்பெனிக்காரன் இறக்குவானா மாட்டானா? தொழிற்சாலைத் தானியங்கிப் பெட்டியில் இன்று பார்த்தேன். எட்டு வகைப் பானத்தில் ஐந்து வகை டின்னில், 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் குறைவான சீனி என்று போட்டிருக்கிறது. அதைக் குடிப்பவன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அவன் பங்குச் சீனி மட்டும் குறைந்திருக்கிறது. மாமாக் கடைக் கரண்டிக்கு அப்படி ஒரு கோடு போட வழியில்லை.

17 அக்டோபர், மதியம் 12.40

"நான் ஒல்லி, எனக்கு வராது" என்று எழுதிய கிள்ளான் தம்பிக்கு மட்டும். 2004இல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21. பார்க்க இருவரும் ஒல்லி. நம்ம உடம்பு கொழுப்பை வெளியே காட்டாமல் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கும். தராசில் ஏறாதீர்கள், இடுப்பை அளந்து பாருங்கள். அப்புறம் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் சோதித்துவிடுவார்கள், மாத்திரையும் அதற்குள்ளேயே.

21 அக்டோபர், காலை 6.30

13.4.

நேற்றுத் தீபாவளி. அதிரசம் இரண்டு, முறுக்கு கணக்கில்லை, சம்பந்தி வீட்டு நெய்யுருண்டை ஒன்று. யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.

26 அக்டோபர், மாலை 4.00

புதிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், டாபாகிலிஃப்ளோசின். எப்படி வேலை செய்கிறது என்று மருந்தாளர் சொன்னதும் அங்கேயே சிரித்துவிட்டேன். சிறுநீரகம் சாதாரணமாகச் சீனியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை அந்தக் கதவை அடைத்துவிடும், சீனி நீரோடு வெளியே போய்விடும்.

நீர் இனித்ததால்தான் நோய்க்கே இனிப்பு நீர் என்று பெயர். தோட்டத்தில் எறும்பு மொய்த்தால் வியாதி என்று தாத்தா காலத்தில் கண்டுபிடிப்பார்களாம். இப்போது எறும்பு மொய்த்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அம்மாவிடம் விளக்கினேன். "டாக்டர் வியாதியைக் குடுத்து அனுப்பியிருக்காரு" என்றார்.

கேலி போகட்டும், எச்சரிக்கை ஒன்று உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், விரதம், காய்ச்சல், வாந்தி என்றால் நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். தைப்பூச விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

27 அக்டோபர், இரவு 8.15

தினமும் குத்திப் பார்க்கிறீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. ஸ்டிரிப் ஒன்று ஒரு வெள்ளிக்குக் கிட்ட வருகிறது, ஊசி போடாதவர்களுக்குச் சும்மா தருவதில்லை. வாரத்துக்கு இரண்டு. தீபாவளிக்கு மறுநாள் குத்தியது பணத்தை வீணாக்கியது. எண் என்ன வரும் என்று குத்தாமலேயே தெரியும்.

2 நவம்பர், காலை 10.30

இந்த மாத எச்பிஏ1சி 7.4. போன முறை 7.1. புது மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. பலகாரம் என்று சொல்லலாம், அதுவும் இரண்டு வாரம்தான். செப்டம்பரில் மூன்று வாரம் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் இல்லை என்று என்னைப் போட்டார்கள், ஓவர்டைம் நல்ல காசு, மகள் காலேஜ் கட்டணம் அதில்தான் கட்டினேன். அதுவாக இருக்கலாம். இந்தத் தடவை ஒரு நோட்டு வாங்கி எது எப்போது மாறியது என்று தேதியோடு எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

நேற்றுக் கடையில் "குறைய மனிஸ்" என்று சொல்லிவிட்டு நின்று எண்ணினேன். பழைய ஆள் இரண்டு கரண்டி போடுவார். புதிதாக வந்த பையன் மூன்று போட்டு, கொஞ்சம் தேயைக் கீழே கொட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றி நிரப்பினான்.

தம்பி, உங்கள் அம்மாவுக்குப் போன வருஷம் 9.2லிருந்து 7.8 ஆனது, டின் பானத்தை நிறுத்தியதால்தான் என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் யாரும் டின் பானமே தொடுவதில்லை என்றீர்களே! சரி, அது இருக்கட்டும். அவர் கிளினிக் புத்தகத்தில் மாத்திரை எந்தத் தேதியில் மாறியது என்று பார்த்துப் போடுங்கள்.